மொழிபெயர் தேயம்: ஒரு சொல் குறிப்பு

நார்வே மொழியில் ‘ஃப்ரெம்மெட்ஸ்ப்ரோக்லி’ன்னு ஒரு பெயரடை. அந்நாட்டு மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு அதைச் சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் மூன்று துண்டு: ஃப்ரெம்மெட் (அந்நிய), ஸ்ப்ரோக் (மொழி), லி (தன்மை காட்டும் விகுதி). முதல் துண்டு ஆங்கில ‘ஃப்ரம்’முக்கு உறவு, ‘அப்பாலிருந்து’ என்ற பொருள் அதில் ஒளிந்திருக்கிறது. ஆக, ஆள் பக்கத்து வீட்டிலேயே பிறந்திருந்தாலும் சொல் அவரை அப்பால் நிறுத்திவிடும். பின்னர் பள்ளி வழக்கில் ‘சிறுபான்மை மொழியினர்’ என்ற பொருளுள்ள சொல் அதன் இடத்துக்கு வந்தது.

தமிழில் இதற்கு இணை தேடினால் சங்க இலக்கியத்தின் ‘மொழிபெயர் தேஎத்தர்’ கிடைக்கிறது. மாமூலனார் இதை விரும்பிக் கையாள்கிறார்: குறுந்தொகை 11, அகநானூறு 211. அகநானூற்றின் முதல் பாட்டில் ஆவியின் பொதினியைப் பாடினாரே, அவர்தான். பொதினி இன்றைய பழனி என்பது அறிஞர் கருத்து.

‘மொழிபெயர்’ ஒரு வினைத்தொகை. பெயர்தல் தன்வினை, தானே இடம் மாறுவது. இன்றைய ‘மொழிபெயர்ப்பு’ பிறவினையான பெயர்த்தலிலிருந்து வந்தது. அங்கே யாரோ ஒருத்தர் மொழியை மாற்றுகிறார். மொழிபெயர் தேயத்தில் அப்படி யாரும் மாற்றவில்லை. நடந்துகொண்டே போனால் ஓரிடத்தில் மொழி தானாக வேறாகிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் கவனிங்க: குறுந்தொகைப் பாட்டில் ‘தேஎத்தர்’ அங்கே பிறந்தவர் இல்லை, பொருள் தேடிப் போன தலைவன். தமிழ் பேசும் ஆளையே இந்தச் சொல் குறிக்கிறது. அந்நியம் யார் உடம்பிலும் ஒட்டவில்லை. அது வழியில் இருக்கிறது.

பழனி மலையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, பூண்டி வழியே மேற்கே போனால் கிளாவரை. அதைத் தாண்டினால் கேரளத்தின் வட்டவடை. பூண்டு ரெண்டு பக்கமும் விளையுது. தமிழும் ரெண்டு பக்கமும் கேக்குது. 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாக அமைந்தபோது, தமிழ்நாட்டோடு சேர்க்கணும்னு கோரிக்கை இருந்தும், தேவிகுளம் தாலுகா கேரளத்திலேயே நின்றது. வட்டவடை அந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. அதனால் அங்குள்ள தமிழ் விவசாயி இருந்த இடத்திலிருந்தே ‘மொழிச் சிறுபான்மையினர்’.

மாமூலனார் கணக்கில் அது மொழிபெயர் தேயமே இல்லை. எல்லை வருகிறது, மொழி பெயரவில்லை. ஆட்களை எண்ணுகிற சொல்லுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நிலத்தைப் பார்த்த பழைய சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது.