வெளியூர்க் களம் – 6: லிவோர்னோவுக்குத் தலச்சேரி வழி

பாஸ்போர்ட் கதையைப் போன வாரத்தோடு முடித்தாயிற்று. சேலம் அஞ்சலகச் சேவை மையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்து, கோவை மண்டல அலுவலகத்திலிருந்து புத்தகமும் கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இனிப் பேச வேண்டியது, இப்போது கிளம்பலாமா என்பதைத்தான்.

வாழப்பாடிப் பக்கம் பள்ளி மைதானத்திலோ மொட்டை மாடியிலோ காலையில் கராத்தே உதை பழகும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், நாலாவது வாக்கியத்தில் தாய்லாந்து வந்துவிடுகிறது. "ஒரு மாசம் போய் முவாய் தாய் கத்துக்கிட்டு வந்துரலாம்ணா." அப்பாக்களும் முன்போல் முறைப்பதில்லை. "பாக்குக் காசு வரட்டும், அனுப்பிடலாமுங்க" என்கிறார்கள். பிள்ளைக்கு ஆசை, அப்பாவுக்குப் பெருமை, இடையில் ஏஜென்ட். விமானம், அறை, முகாம், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்லுவார். சொல்லிக்கொடுக்கப் போகிறவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

முவாய் தாய் முகாமில் ஒரு நாள் எப்படிப் போகும்? விடியலில் ஓட்டம். பிறகு கயிறு தாண்டல், நிழல் குத்து, பயிற்சியாளர் பிடிக்கும் பேடில் உதை, தொங்கும் பையில் உதை, வயிற்றுப் பயிற்சி. மதியத்துக்கு மேல் இதே வரிசை மறுபடியும். புதிதாகப் போகிறவருக்கு முதல் இரண்டு வாரம் மூச்சு வாங்குவதிலும் கணைக்கால் வீங்குவதிலுமே கழிந்துவிடும். அந்த ஓட்டத்தை ஆணைமடுவு அணைச் சாலையில் ஓடலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. கயிறு தாண்ட பாங்காக் எதற்கு?

இங்கே கிடைக்காதது ஒன்று உண்டு. கிளின்ச் என்கிற கழுத்துப்பிடிச் சண்டை. எட்டு, பத்து வயதிலிருந்தே மேடை ஏறிப் பழகிய ஒருவரோடு கழுத்தைக் கோத்து நின்றால், அவர் எங்கே எடையை மாற்றுகிறார், முழங்கால் எந்தக் கணத்தில் வருகிறது என்பதை உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும். வீடியோவில் இது வராது. ஒரு மாதச் செலவுக்கு நியாயம் சொல்ல இந்த ஒன்றே போதும். ஆனால் அதைத் தாங்கும் மூச்சும் கழுத்தும் கிளம்புவதற்கு முன்பே இருக்க வேண்டும்.

இதை நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். பவானி தேவியின் வழியைப் பார்க்கட்டும். சென்னைப் பெண், அப்பா கோயில் அர்ச்சகர். 2004இல் பள்ளியில் வாள்வீச்சில் சேர்ந்தார். உண்மையான வாள் விலை கட்டுப்படியாகாது என்று மூங்கில் குச்சியில்தான் ஆரம்பப் பழக்கம். பதினான்கு வயதில் முதல் வெளிநாட்டுப் போட்டி, துருக்கியில். களத்துக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்காகக் கறுப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். அத்தனை தூரம் போனது அந்த விதியைத் தெரிந்துகொள்ளத்தான் என்று ஆயிற்று. அதோடு அவர் வெளிநாட்டுப் பயிற்சியைத் தேடி ஓடவில்லை. பத்தாம் வகுப்பு முடித்துக் கேரளத்தின் தலச்சேரிக்குப் போனார், இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்துக்கு. பல வருடம் அங்கேதான் இருந்தார். வீட்டில் அம்மாவின் நகை அடகுக்குப் போனது.

இத்தாலியின் லிவோர்னோவுக்கு அவர் போய்ச் சேர்ந்தது 2016இல். வாளைக் கையில் எடுத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து! அங்கே நிக்கோலா சனோட்டி என்ற பயிற்சியாளர். லிவோர்னோ சேலத்தைவிடச் சிறிய துறைமுக நகரம். ஆனால் 1920 ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வென்ற நெடோ நாடியும், 2004 ஏதென்ஸில் சேபர் வாள்பிரிவில் தங்கம் வென்ற ஆல்டோ மொன்தானோவும் அந்த ஊர்க்காரர்கள். எந்த நாடு என்று பார்த்துப் போவதற்கும், எந்த ஊர், எந்த ஆசான் என்று பார்த்துப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், வாள்வீச்சில் இந்தியாவின் முதல் ஆளாகப் பவானி இறங்கினார். முதல் சுற்றில் துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று வென்று, அடுத்ததில் பிரான்ஸின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 என்று தோற்றார். 2023இல் ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். அதில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

செலவுக்கு? கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளையின் ராகுல் திராவிட் பெயரிலான திட்டம் கைகொடுத்தது. அதே திராவிட்தான் 2020 பிப்ரவரியில் நம் வாழப்பாடி கிரிக்கெட் மைதானத் திறப்புக்கு வந்தவர். அன்று மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தத் திட்டம் தெரிந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, பன்னிரண்டு வருடம் காத்திருக்கச் சொல்லவில்லை. உள்ளூர் மாஸ்டர், "என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதாம்ப்பா" என்று சொல்லும்வரை இருந்தால் போதும். சிலம்பம் ஆடுகிற பிள்ளைகளின் கணக்கு வேறு. அவர்களைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வருகிறார்கள். போகத்தான் வேண்டுமென்றால் மலேசியா இருக்கிறது. அங்குள்ள தமிழர்கள் கம்பை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

தாய்லாந்துதான் என்று முடிவாகிவிட்டால், சில காகித விஷயங்கள். இந்தியர்கள் விசா இல்லாமல் தங்கும் காலத்தை 2024 ஜூலையில் அவர்கள் 60 நாளாக்கினார்கள். இந்த விதி மாறிக்கொண்டே இருப்பது, ஆகவே டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரக இணையதளத்தைப் பாருங்கள். அதே மாதம் டிடிவி என்ற ஐந்தாண்டு விசாவும் வந்தது. முவாய் தாய் பயிற்சியைக் காரணமாகக் காட்டி அதற்கு விண்ணப்பிக்கலாம், ஒரு தடவைக்கு 180 நாள் தங்கலாம். ஆனால் கணக்கில் ஐந்து லட்சம் பாட் காட்ட வேண்டும், நம் பணத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். ஒரு மாதம் போகிறவருக்கு அது தேவையில்லை. ஏஜென்ட் அதைத் தள்ளிவிடப் பார்த்தால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள். சுற்றுலாவாக நுழைந்துவிட்டுப் பணம் வாங்கி மேடை ஏறுவதும் கூடாது. அது வேலை என்ற கணக்கில் வரும்.

பயணக் காப்பீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பல பாலிசிகளில் சண்டைக் கலைக் காயத்துக்குப் பணம் கிடையாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். பற்காப்பை இங்கேயே பல் டாக்டரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். சித்திரை விடுமுறையில் போகலாம் என்று பலர் நினைப்பார்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும், பல முகாம்கள் பூட்டிக் கிடக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போவது உடம்புக்கும் நல்லது.

பணம் கட்டும் முன் முகாமுக்கு நேராக ஒரு கடிதம் எழுதுங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம். எத்தனை வருடம் பழகினீர்கள், என்ன எடை, எதில் பலவீனம் என்று எழுதிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எனக்குப் பேட் பிடிக்கப் போகிறவர் யார்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கிளின்ச் பயிற்சிக்கு என் எடையில் ஆள் இருக்கிறாரா? பதிலில் விலைப்பட்டியல் மட்டும் வந்தால் வேறு முகாம் பாருங்கள்.

ஜப்பானுக்கு இந்த வழி ஓடாது. அங்கே விசா கட்டாயம், உங்கள் ஆசானின் கடிதம் இல்லாமல் பல டோஜோக்களில், அதாவது பயிற்சிக்கூடங்களில், வாசலைத் தாண்டுவது கஷ்டம். ஒகினாவாவில் 2017இல் திறந்த கராத்தே கைகான் மண்டபத்தையும், வெளிநாட்டவருக்கு டோஜோ தேடித் தரும் அங்குள்ள தகவல் மையத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)