கடை அதேதான், விலாசம்தான் வேறு

மதுரை புது மண்டபத்துத் தையல்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தைப்பவர் அதே ஆள். ஆனால் பழைய நினைப்பில் துணியோடு மண்டபத்துக்குப் போனால் அங்கே கடை இருக்காது. சின்ன அப்டேட்டுக்குப் பிறகு பிளகின்கள் வேலை செய்யாமல் நிற்பதும் பல நேரம் இப்படித்தான்: கோப்பு இருக்கிறது, அதற்குப் போகும் வழி மாறியிருக்கிறது.

2020 ஏப்ரல் 25 அன்று நடந்ததைப் பாருங்கள். 'இஸ்-பிராமிஸ்' என்பது சில வரிகளே கொண்ட ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ். கொடுத்த மதிப்பு 'பிராமிஸ்' வகையா என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. அன்று அதன் 2.2.0 பதிப்பு வந்தது. பதிப்பு எண்ணில் நடு எண் ஏறினால் புது வசதி வரும், பழையது கெடாது என்பது எழுதிவைத்த வழக்கம். அதை நம்பி ^ குறி போட்டிருந்த புராஜெக்டுகள், புதிதாக இன்ஸ்டால் செய்ததும் தாமாகவே 2.2.0-வை எடுத்துக்கொண்டன. கிரியேட் ரியாக்ட் ஆப், ஃபயர்பேஸ் டூல்ஸ் போன்ற கருவிகள் எல்லாம் எர்ரர் காட்டி நின்றன.

காரணம், புதிதாகச் சேர்த்த 'எக்ஸ்போர்ட்ஸ்' பகுதி. பேக்கேஜுக்குள் நுழைய எந்தெந்த வாசல் திறந்திருக்கும் என்று சொல்லும் பட்டியல் அது. அதில் கோப்புப் பெயருக்கு முன்னால் ./ இருந்தாக வேண்டும். புள்ளியும் சாய்கோடும் விட்டுப்போயின. ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடின் புதிய பதிப்புகள் அந்த வழியை ஏற்கவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியல் வந்துவிட்டால், அதில் இல்லாத உள்கோப்பை நேராகத் தொட முடியாது. பின்வாசல் வழியே பழகிய பிளகின்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

சில மணி நேரத்தில் 2.2.2 வந்து சரியானது. உள்கோப்பைத் தொட்ட பிளகின்மீதும் தவறு உண்டு என்பார்கள், உண்மைதான். ஆனாலும் பல காலம் திறந்திருந்த வாசலை மூடுவது சின்ன மாற்றம் அல்ல. அதற்கு முதல் எண்ணை ஏற்றுவதே நியாயம் என்பேன்.

கல்லூரி புராஜெக்டோ வடபழஞ்சி ஐடி பார்க்கில் வேலையோ, பதிப்புகளைக் குறித்துவைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பையும் கிட்டில் சேர்த்துவிடுங்கள். சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். லாக்கில் உள்ள அதே பதிப்புதான் இறங்கும். டெமோவுக்கு முந்தைய இரவில் எதையும் அப்டேட் செய்யாதீர்கள்.