கூரை மின்சாரமும் கிணற்றுப் பங்கும்

வீட்டுக் கூரையிற் பெறப்படும் சூரிய மின்சாரத்தைப் பொது மின்வலையுடன் இணைக்கும் தேறிய மின்மானி முறை இலங்கையில் 2010இல் அறிமுகமாயிற்று. 2016 செப்டெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம், வலைக்குச் செல்லும் மிகை மின்சாரத்திற்கு அலகொன்றுக்கு முதல் ஏழாண்டுகள் 22 ரூபா என விலை வகுத்துக் கூரையை வருவாய் தரும் உடைமையாக்கிற்று. போர்க்காலத்தில் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு, துவிச்சக்கரவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இன்று இத்தகடுகளைக் காண்கின்றோம். இம்மின்சாரத்தை முறைப்படுத்தும் பொறுப்பு யாருடையது என்பதே நாம் இங்கு நோக்கும் வினா.

தகடு தரும் நேரோட்டத்தை இன்வேட்டர் ஆடலோட்டமாக்கி வலையிற் செலுத்துகின்றது. நண்பகலில் உற்பத்தி உச்சமடைய, வீடுகளின் நுகர்வு குறைந்திருக்கும். மிகை மின்சாரம் மின்மாற்றியை நோக்கித் திரும்புகையில் கம்பியின் கடைக்கோடி வீடுகளில் மின்னழுத்தம் உயரும்; வரம்பு மீறின் இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். வலை செயலிழப்பினும், கம்பியிற் பணிபுரியும் தொழிலாளரின் உயிர்ப்பாதுகாப்புக் கருதி அது நின்றாகவேண்டும். ஆதலின் மின்கலன் இல்லாத வீடு, வெயில் எறிக்கும் வேளையிலும் மின்சாரமின்றி இருக்க நேரும். கூரை தனியுடைமையாயினும் அதன் மின்சாரம் சமூகப் பிணைப்பினுள்ளேயே பயன்மதிப்புப் பெறுகின்றது.

2025 பெப்ரவரி 9, ஞாயிறன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் நேர்ந்த இடையூறு நாட்டையே இருளாக்கிற்று. தேவை குறைந்த அந்நாளில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிக்கிருந்தது. அதிர்வைத் தாங்கவல்ல பெருஞ்சுழலிகளின் சடத்துவம் குறைந்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலிற் கூரை உற்பத்தியை நிறுத்துமாறு மின்சார சபை உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. பகலில் வெயிலை வீணாக்கி, மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்சவேளையில் எரிபொருளை எரிப்பதே இன்றைய முரண்பாடாகும்.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. மின்னழுத்தம் உயருமிடத்து உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்குமாறு இன்வேட்டரை அமைக்கலாம். வெங்காயத் தோட்டத்திற்கான நீரை நண்பகலில் தொட்டியில் ஏற்றி மாலையிற் பாய்ச்சலாம். எனினும், மிகையைச் சேமிக்கும் மின்கலனைத் தனித்தனி வீடுகளிடம் விட்டுவிடின் வசதியுள்ளோரே அதனைப் பெறுவர். மின்மாற்றிதோறும் பொதுச் சேமிப்பு அமைதல் வேண்டும்.

குடாநாட்டுக்கு இத்தகைய ஏற்பாடு முற்றிலும் புதியதன்று. ஒரே கிணற்றிற் பலர் பங்குடையராய், முறைவைத்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்து வந்துள்ளனர். கிணற்றுப் பங்கு காணி உறுதியிலும் எழுதப்பட்டது. ஆயின் அப்பங்கு நிலவுடைமையோடு பிணைந்திருந்தது. நிலமற்றோருக்கும் சாதியால் ஒடுக்கப்பட்டோருக்கும் கிணறுகள் மறுக்கப்பட்டன என்பதும் வரலாறே. பொது மின்கலனிற் பங்கு, தகடு பூட்டியவனுக்கு மட்டும் உரியதாயின் அவ்வரலாறே மீளும். சொந்தக் கூரையற்ற குடும்பமும் மாலை மின்சாரத்தில் உரிமையுடன் பங்குபெற வேண்டும். ஒழுங்குவிதிகள் வகுக்கப்படும் இக்காலத்தில் நாம் வலியுறுத்த வேண்டியது இதுவே.