விமானம் ஓட்டிய விளக்கெண்ணெய்

ஒருவரை ‘சரியான விளக்கெண்ணெய்’ என்று சொன்னால் தமிழில் அது வசவு. மந்தமானவர், பிடிகொடுக்காமல் வழுக்குகிறவர் என்று பொருள். ஆனால் மெல்ல ஓடும் கெட்டித்தன்மை, வழவழப்பு என்ற இந்த இரண்டு குணங்களும் இயந்திரத்துக்குள் போனால் கிடைத்தற்கரிய செல்வம். நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தார்கள். மாட்டுவண்டி அச்சில் பூசிய வண்டி மை என்பது விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்ததுதான். பெங்களூரைச் சுற்றியுள்ள கேழ்வரகுக் கொல்லைகளில் அவரை, கடுகோடு ஆமணக்கையும் ஊடுபயிராக விதைப்பார்கள். அந்த வரிசைக்கு ‘அக்கடி சாலு’ என்று பெயர். கன்னடத்தில் ஆமணக்கு ஹரளு, எண்ணெய் ஹரளெண்ணெய். ராகிக் கொல்லை ஓரத்தில் நிற்கும் இந்தச் செடியை நாம் பேதி மருந்தாகவும் தலைக்குளியல் எண்ணெயாகவும் மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பெரிய நஷ்டம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த எண்ணெயை மற்ற எண்ணெய்களிலிருந்து பிரிப்பது ஒரே ஒரு சங்கதி. இதன் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலிக் அமிலம். அதன் 18 கரிம அணுக்கள் கொண்ட சங்கிலியில் 12ஆவது அணுவில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓர் இணை, ஒட்டியிருக்கிறது. அந்த இணை பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்வதால் எண்ணெய் கெட்டிப்படுகிறது. உலோகத்தையும் பிடித்துக்கொள்வதால் படலம் எளிதில் கிழிவதில்லை. அதே காரணத்தால் இது சாராயத்தில் கரையும், பெட்ரோலில் எளிதில் கலக்காது. முதல் உலகப் போரின் விமானங்களுக்கு இந்தக் குணமே கைகொடுத்தது. அன்றைய ரோட்டரி என்ஜின்களில் அச்சு அசையாமல் நிற்க, சிலிண்டர்களே விசிறியோடு சேர்ந்து சுழலும். பெட்ரோல் ஆவி அச்சுப்பெட்டி வழியாகவே உள்ளே போகும். கனிம எண்ணெய் ஊற்றினால் பெட்ரோல் அதைக் கழுவிக் கொண்டுபோய்விடும். விளக்கெண்ணெய் நின்று காத்தது. 1917இல் சாப்வித் கேமல் விமானத்தில் போரிட்ட ஹர்தித் சிங் மாலிக் என்ற இந்தியரின் என்ஜினும் இந்த எண்ணெயில்தான் ஓடியது. காஸ்ட்ரால் என்ற பெயர்கூட ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909இல் பிறந்ததே.

அப்படியானால் ஏன் கைவிட்டார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் விளக்கெண்ணெய் காற்றோடு வினைபுரிந்து பிசினாகும். வளையங்களிலும் வால்வுகளிலும் அரக்குப்போல் படியும். ரோட்டரி என்ஜின் எண்ணெயைச் சேர்த்துவைக்காமல் வெளியே வீசிவிட்டதால் தப்பித்தது. அதே எண்ணெய் திரும்பத் திரும்பச் சுற்றும் இன்றைய நான்கு ஸ்ட்ரோக் பைக்கில் கடை விளக்கெண்ணெயை ஊற்றுவது என்ஜினுக்குச் செய்யும் கேடு. மெத்தனாலில் ஓடும் மாதிரி விமான என்ஜின்களின் கதை வேறு. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் நன்றாகக் கலப்பதால், 80 பங்குக்கு 20 பங்கு என்ற கலவை அங்கே நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது.

ஆனால் என்ஜினிலிருந்து வெளியேறியதோடு இதன் கதை முடியவில்லை. உருமாறி வேறு வழியாக உள்ளே வந்தது. எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்து, லித்தியத்தோடு சோப்பாக்கி, அந்தச் சோப்பைக் கனிம எண்ணெயில் குழைத்தால் கிடைப்பது லித்தியம் கிரீஸ். 1940களில் வந்த இந்தக் கிரீஸ்தான் இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படுகிறது. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளில் சுழலும் பேரிங்குகளிலும் சாலையில் ஓடும் வண்டிச் சக்கரங்களிலும் இருப்பது பெரும்பாலும் இதுவே. பழைய வண்டி மையின் பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்லலாம். எண்ணெயைக் காரத்தோடு சூடாக்கிப் பிளந்தால் செபாசிக் அமிலம் வரும். தொடக்ககால ஜெட் என்ஜின் எண்ணெய்கள் அதன் எஸ்டர்களால் ஆனவை. இன்னொரு வழியில் பிளந்தால் நைலான் 11. லாரிகளின் காற்று பிரேக் குழாய்களில் அது இருக்கிறது.

கொட்டையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறதே என்பது அடுத்த தடை. உண்மைதான். ஆனால் ரிசின் புரதம்; எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கில் தங்கிவிடும். அதனால்தான் ஆமணக்குப் பிண்ணாக்கு வயலுக்கு எருவாகிறது, மாட்டுக்குத் தீவனமாவதில்லை. கனிம எண்ணெய் மலிவாயிற்றே என்பதும் சரியே. விளக்கெண்ணெயை என்ஜின் ஆயிலாக விற்க நினைத்தால் தோல்விதான். பெட்ரோலியத்திலிருந்து எளிதில் செய்ய முடியாத பொருள்களை இதிலிருந்து செய்வதில்தான் லாபம் இருக்கிறது.

உலக ஆமணக்கு விளைச்சலில் மிகப் பெரும் பங்கு இந்தியாவுடையது; அதில் பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது. ஆனால் செபாசிக் அமில உற்பத்தியில் முன்னிற்பது சீனா. நம்மிடம் எண்ணெய் வாங்கும் பெரிய நாடும் அதுவே. 1909இல் இந்திய அறிவியல் கழகமும், 1940இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1953இல் இயந்திரக் கருவி நிறுவனமான எச்.எம்.டி.யும் தொடங்கப்பட்ட ஊர் பெங்களூரு. வேதியியலும் விமானமும் இயந்திரக் கருவியும் ஒரே ஊரில் கூடியிருக்கின்றன. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொல்லையையும் ஆய்வுக்கூடத்தையும் இணைப்பதே மிச்சமுள்ள வேலை. எண்ணெயாகவே விற்றுவிடும்போது, அந்த ஒரு ஹைட்ராக்சில் இணையால் கிடைக்கும் பலனைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறோம். வண்டி அச்சுக்கு மை குழைத்தவர்கள் விதையிலிருந்து அச்சு வரைக்குமான வேலையைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.