'டூ'வில் தப்பான பெயர் வருகிறதா? ஜிமெயில் கான்டாக்ட்ஸை ஒழுங்குபடுத்துவது எப்படி?

2014 நவம்பர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஜி20 மாநாட்டுக்கு முன்பு, ஒபாமா, புதின், மோடி உள்ளிட்ட 31 தலைவர்களின் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, விசா விவரங்கள் ஆசியக் கோப்பை கால்பந்து ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒருவருக்கு மெயிலில் போய்விட்டன. ஹேக்கிங் எல்லாம் இல்லை. அவுட்லுக்கில் 'டூ' பகுதியில் தானாக நிரம்பிய பெயரைக் குடிவரவுத் துறை ஊழியர் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். 2015 மார்ச்சில் 'தி கார்டியன்' எழுதிய பிறகே உலகுக்குத் தெரிந்தது.

நாம் அனுப்புவது சம்பள ஸ்லிப்பும் ஆதார் காப்பியும்தான். ஆனால் சிக்கல் அதேதான். 'கார்த்திக்' என்று டைப் செய்தால் நான்கு கார்த்திக் வந்து நிற்பார்கள்.

இவர்களை யார் சேமித்தது? ஜிமெயிலேதான். புதிதாக ஒருவருக்கு மெயில் அனுப்பினாலே அந்த முகவரி, கூகுள் கான்டாக்ட்ஸில் 'அதர் கான்டாக்ட்ஸ்' என்ற பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும். என்றோ ஒருநாள் ஓஎல்எக்ஸ் பைக் விஷயமாகப் பேசியவர்கூட அங்கே இருப்பார். முதல் வேலை, இந்தப் பட்டியலைத் திறந்து தேவையில்லாததை அழிப்பது. வேலை மாறிப் போனவர்களின் பழைய ஆபீஸ் முகவரிகளையும் மறக்காமல் தூக்கிவிடுங்கள். இனி தானாகச் சேரவே வேண்டாம் என்றால், கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸ் போய், 'ஜெனரல்' பகுதியில் கான்டாக்ட்ஸை நானே சேர்த்துக்கொள்கிறேன் என்ற ஆப்ஷனைத் தேர்வு செய்யலாம்.

ஒரே நபர் இரண்டு மூன்று முறை இருந்தால் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' சேர்த்துவிடும். ஆனால் அது சொல்வதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஓகே செய்யாதீர்கள். பெயரைத் திறந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நான்கு கார்த்திக் பிரச்சினைக்கு எளிய வழி, 'கார்த்திக் ஆடிட்டர்', 'கார்த்திக் காலேஜ்' என்று பெயரையே மாற்றி சேமிப்பது. போனில் எப்போதும் இதைத்தானே செய்கிறோம்!

அடுத்தது லேபிள். 'டீம்', 'ஃபேமிலி' என்று லேபிள் போட்டு ஆட்களைச் சேர்த்துவிட்டால், மெயில் எழுதும்போது லேபிள் பெயரை மட்டும் டைப் செய்தால் போதும், எல்லோரும் வந்துவிடுவார்கள். வாடிக்கையாளர்கள் உள்ள லேபிளை மட்டும் 'டூ'வில் போடாமல் 'பிசிசி'யில் போடுங்கள். இல்லையென்றால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிந்துவிடும்.

அழிக்கக்கூடாததை அழித்துவிட்டால்? 'அன்டூ சேஞ்சஸ்' கொடுத்து 30 நாள் வரை பின்னோக்கிப் போகலாம். இருந்தாலும் தொடங்கும் முன் 'எக்ஸ்போர்ட்' செய்து சிஎஸ்வி ஃபைலாக ஒரு காப்பி வைத்துக்கொள்வது நல்லது. ஆபீஸ் மெயிலில் சொந்தக்காரர்கள், நண்பர்கள் முகவரி இருந்தால் அதை இப்போதே சொந்த அக்கவுன்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். வேலையை விடும் நாளில் லாகின் இருக்காது. கம்பெனியின் கிளையன்ட் பட்டியலை மட்டும் தொடாதீர்கள், அது உங்களுடையது இல்லை.

இன்னொன்று: ஜிமெயிலில் 'அன்டூ சென்ட்' நேரம் 5 விநாடியில் இருக்கும். செட்டிங்ஸில் அதை 30 ஆக்கிவிடுங்கள்.