லாடம் பார்த்தவர், போன் பார்ப்பவர்

மின்சார ரயில் கிண்டியில் நிற்பதற்கு முன்பே சித்தப்பா பென்சிலைச் சீவி முடித்திருப்பார். அது 1988. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ரேஸுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்ல முடியாது. பரங்கிமலையில் உடம்பு சரியில்லாத ஒரு நண்பரைப் பார்க்கப் போகிறோம். கிண்டியில் ரேஸ் நடக்கும் குளிர்கால மாதங்களில் மட்டும் அந்த நண்பருக்கு ஏன் உடம்பு கெடுகிறது என்று சித்தி ஒரு நாளும் கேட்டதில்லை.

சித்தப்பா தொழில்முறை ரேஸ்காரர் இல்லை. வங்கியில் கிளார்க். ஒரு ரேஸுக்குப் பத்து ரூபாய், மனது நிறைந்தால் இருபது. அவரைப் போன்றவர்களால்தான் ஸ்டாண்டு நிரம்பும். அந்தப் பத்து ரூபாய்க்கு அவர் செய்த வேலையை வங்கியில் செய்திருந்தால் மேனேஜராகி ஓய்வு பெற்றிருப்பார்.

வேலை முந்தின நாளே தொடங்கிவிடும். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் டிராக் ஒர்க் வரும்: அதிகாலைப் பயிற்சியில் எந்தக் குதிரை எத்தனை விநாடியில் ஓடியது என்ற பட்டியல். ஒரு குதிரைக்கு '800 மீட்டர் 54, 600 மீட்டர் 39' என்று போட்டிருக்கும். எனக்கு இரண்டு எண்கள். சித்தப்பாவுக்கு அது ஒரு கதை. "54ல 39 போனா 15. முதல் 200 மீட்டரை 15 விநாடியில ஓடியிருக்கு. மிச்சம் 600ஐ 39ல. அப்போ ஒவ்வொரு 200க்கும் 13. புரியுதா? ஆரம்பத்துல பிடிச்சு வச்சு, அப்புறம் விட்டிருக்கான். இந்தக் குதிரைகிட்ட இன்னும் சரக்கு இருக்கு."

அடுத்தது எடை. இங்கே நடக்கும் பந்தயங்களில் பெரும்பாலானவை ஹேண்டிகேப் பந்தயங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங். புள்ளி கூடக் கூட முதுகில் எடை கூடும், ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ. ஜெயித்த குதிரைக்குச் சுமை ஏறும், தோற்றுக்கொண்டே இருப்பதற்கு இறங்கும். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் எடை போடுகிறவரின் கனவு. அவர் எங்கே தப்பு செய்தார் என்று கண்டுபிடிப்பது சித்தப்பாவின் கனவு. போன மாதம் 60 கிலோவோடு மூன்றாவதாக வந்த குதிரை, இன்றைக்கு ஒரு படி கீழ் வகுப்பில் 54 கிலோவோடு ஓடினால், ரேஸ் புக்கில் அதைச் சுற்றி ஒரு வட்டம் விழும்.

கடைசிச் சோதனை மைதானத்தில். ஓடப்போகும் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கழுத்தில் நுரைத்த வியர்வை இருக்கிறதா, காது முன்னால் நிமிர்ந்திருக்கிறதா, பின்னங்கால் முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுகிறதா. எல்லாவற்றுக்கும் மேலே லாடம். பயிற்சிக்குக் கனமான இரும்பு லாடம். ஓடுவதற்கு இலேசான அலுமினிய லாடம். லாடம் மாற்றுவது காசு பிடிக்கும் வேலை. ஆகவே, "அலுமினியம் போட்டிருக்கானா பாரு. போட்டிருந்தா இன்னிக்கு ஓட்டுறான். இல்லைன்னா சும்மா காலாற நடக்க விடுறான்." குதிரையின் கால் ஓடுமா என்பதைவிட, லாயக்காரரின் மனது ஓட நினைக்கிறதா என்பதுதான் அவருக்குக் கேள்வி.

எல்லாரும் சித்தப்பா இல்லை. பக்கத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் பேடாக் பக்கமே வர மாட்டார்கள். ஒருவர் பேரனின் பிறந்த தேதியைப் போடுவார். ஒருவர் சாமி பேர் வைத்த குதிரை வந்தால் விட மாட்டார். ஒருவருக்கு ஜாக்கியின் சட்டை நிறம். இன்னொருவருக்கு எம்.ஏ.எம். ராமசாமி குதிரை என்றால் போதும். நாட்டிலேயே கிளாசிக் பந்தயங்களை அதிகம் வென்ற உரிமையாளர் நம் ஊர்க்காரராக இருக்கும்போது வேறு ஆராய்ச்சி எதற்கு?

வாசலில் டிப்ஸ் விற்கிறவர்கள் வேறு. மடித்த துண்டுச் சீட்டு, ஐந்து ரூபாய், "லாயத்துலேருந்து நேரா வந்த சேதி சார்." ஒரு நாள் சித்தப்பா என்னை ஒருவரிடமும், தன் சக ஊழியரை அதே ஆளிடம் சற்று நேரம் கழித்தும் சீட்டு வாங்க வைத்தார். பிரித்துப் பார்த்தால் இரண்டு சீட்டில் இரண்டு குதிரை. எட்டுக் குதிரை ஓடினால் எட்டு விதமான சீட்டு. எவனோ ஒருவனுக்குப் பலிக்கும். அவன் அடுத்த வாரம் ஐம்பது ரூபாயோடு தேடி வருவான்.

குதிரையைத் தேர்ந்தெடுப்பது திறமையா, அதிர்ஷ்டமா? அந்த நாளில் இது டீக்கடை வாதம் மட்டுமில்லை, நீதிமன்ற வழக்கு. 1777இலிருந்து ரேஸ் நடந்துவந்த இடம் கிண்டி. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவானது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1986இல் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொன்று. இரண்டும் உச்ச நீதிமன்றம் போயின. 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பு: குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறன் எல்லாம் எடைபோடக் கூடியவை என்ற வாதம் வென்றது. சித்தப்பா அன்றைக்கு எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வந்தார். வழக்கில் தானே ஒரு தரப்பு என்பது போல.

போன குளிர்காலம் பெங்களூரு ரேஸ் மைதானத்துக்குப் போனேன். அழைத்துப் போனது சித்தப்பாவின் மகன். என் தம்பி, கம்ப்யூட்டர் வேலை. கிண்டியின் கதை இப்போது வேறு. 1945 முதல் 99 ஆண்டுக்கு எழுதிய குத்தகையை, வாடகை பாக்கியைக் காரணம் காட்டி, 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து 160 ஏக்கரையும் எடுத்துக்கொண்டது; விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு ஊட்டி மைதானமும் கைமாறியது.

தம்பி கையில் பென்சில் இல்லை. போன் இருந்தது. அப்பா ஒரு வாரம் அலைந்து சேர்த்ததெல்லாம் அதற்குள் கிடந்தது: ஒவ்வொரு குதிரையும் கடைசியாக ஓடிய ஓட்டங்கள், எடை, ரேட்டிங், டிராக் ஒர்க் நேரங்கள், லாடம் இரும்பா அலுமினியமா என்பது உட்பட. "போன ரேஸ்ல ஜாக்கி பிடிச்சுட்டான்" என்று அப்பா சத்தியம் செய்வாரே, அதற்கும் வீடியோ இருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

"அப்பா இதைப் பார்த்திருந்தா கோடீஸ்வரர் ஆகியிருப்பார் அண்ணா" என்றான்.

ஆகியிருக்க மாட்டார். ஏன் என்பதற்கு, பந்தயப் பணத்தைத் திரட்டிப் பிரித்துக் கொடுக்கும் டோட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். 1860களில் பாரிஸில் ஜோசப் ஓலர் கண்டுபிடித்த முறை. 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஜார்ஜ் ஜூலியஸ் அதற்கு ஒரு பெரிய இயந்திரமே செய்து வைத்தார். கணக்கு எளிது. எல்லார் பணமும் ஒரு குடத்தில் விழும். கிளப்பும் அரசும் தங்கள் பங்கை எடுத்த பிறகு, மிச்சத்தை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

ஒரு பேச்சுக்கு, குடத்தில் ஒரு லட்சம் விழுந்தது, கால் பங்கு போனது என்று வையுங்கள். மிச்சம் 75,000. ஃபேவரிட் குதிரை மேல் 30,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். அது ஜெயித்தால் பத்து ரூபாய்க்கு 25 கிடைக்கும்; அதுதான் அந்தக் குதிரையின் விலை. கூட்டத்தின் கணிப்பு சரி, அந்தக் குதிரை பத்துக்கு மூன்று தடவை ஜெயிக்கும் என்றே இருக்கட்டும். பத்து தடவை போட்டால் உங்கள் செலவு 100, வரவு 75. குதிரையைச் சரியாகத்தான் கணித்தீர்கள். ஆனால் எல்லாருமே சரியாகக் கணித்தார்கள். அதனால் கால் பங்கு நஷ்டம்.

இதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். சித்தப்பா பேடாக்கில் அலுமினிய லாடத்தைப் பார்த்தபோது, அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அந்தச் செய்திக்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்றைக்கு அதே லாடம் போன் வைத்திருக்கும் எல்லார் கையிலும் இருக்கிறது, விலையிலும் ஏறிவிட்டது. போட்டி எப்போதுமே குதிரைகளோடு இல்லை, பக்கத்தில் நிற்கிறவரோடுதான். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிய வேண்டும். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த இடத்தில் அது எங்கே கிடைக்கும்?

அதைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பில் பென்டர் 1980களில் ஹாங்காங் போய், ஒவ்வொரு குதிரையையும் பல அம்சங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கம்ப்யூட்டர் முறையை உருவாக்கிப் பெரும் பணம் பார்த்தார். 1994இல் அதை ஒரு கட்டுரையாகவே எழுதினார். அதில் எனக்குப் பிடித்த சங்கதி இது: தன் கணக்கை மட்டும் நம்பாமல், பொதுமக்களின் பந்தய விலையையும் அதோடு கலந்தபோதுதான் முறை சரியாக வேலை செய்தது. பிறந்த தேதியும் சட்டை நிறமும் பார்த்துப் போடும் கூட்டத்துக்கு, கூட்டமாகச் சேர்ந்தால், கம்ப்யூட்டருக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது.

அந்தக் கூட்டம் வழக்கமாகச் சறுக்கும் இடமும் ஒன்று உண்டு. 1949இல் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் பந்தய விலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். வாய்ப்பே இல்லாத 'அவுட்சைடர்' குதிரை மேல் மக்கள் தேவைக்கு அதிகமாகவும், ஃபேவரிட் மேல் தேவைக்குக் குறைவாகவும் பணம் போடுகிறார்கள் என்று தெரிந்தது. பல நாடுகளில் ஃபேவரிட் ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு ரேஸை ஜெயிக்கிறது. அதைப் போட்டால் பணம் மெதுவாகக் கரையும், அவுட்சைடரைப் போட்டால் வேகமாக. ஆனால் பத்து ரூபாய்க்கு 25 வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொல்ல எவன் ரேஸுக்கு வருகிறான்? 375 வேண்டும். ஐந்து ரேஸையும் வரிசையாகப் பிடிக்கும் ஜாக்பாட் வேண்டும். முதல் மூன்றையும் வரிசை மாறாமல் சொல்லும் டனாலா வேண்டும்.

பெங்களூரில் பேடாக்கைச் சுற்றி இடம் தாராளமாக இருந்தது. ஒரு கருஞ்சிவப்புக் குதிரை கழுத்தில் நுரை தள்ளி, தலையை ஆட்டி ஆட்டி, பிடித்துவந்தவரை இழுத்துக்கொண்டு போனது. சித்தப்பா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ரேஸ் புக்கில் அதன் பெயரை அடித்திருப்பார். தம்பி நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் அந்தக் குதிரையின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. "எவனோ பெரிய பணம் போடுறான் அண்ணா. விஷயம் தெரிஞ்சவனாத்தான் இருக்கணும்." கவுண்டருக்கு ஓடினான். ஓட நினைக்கும் லாயத்தை அப்பா லாடத்தில் தேடினார். மகன் விலையில் தேடுகிறான். தேடுவது ஒன்றுதான்.

குதிரை ஐந்தாவதாக வந்தது.

வாசலில் சீட்டு விற்பவர்கள் இல்லை. அவர்கள் போனுக்குள் குடியேறிவிட்டார்கள். தம்பி மூன்று டெலிகிராம் குழுவில் இருக்கிறான், ஒன்றுக்குச் சந்தா. 'நூறு சதவீதம் உறுதி' என்று ஆளுக்கொரு குதிரை. பலித்த குதிரைக்கு மட்டும் மறுநாள் பட்டாசு படம் போடுவார்கள். பலிக்காத பதிவு காணாமல் போயிருக்கும். துண்டுச் சீட்டையாவது இரண்டு பேர் சேர்ந்து பிரித்துப் பார்க்க முடிந்தது.

கூடிய இன்னொன்று வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ரேஸ் பந்தயத்துக்கு 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22இலிருந்து 40. அதுவும் லாபத்தின் மேல் இல்லை, போடும் பணத்தின் மேலேயே. தகவல் இலவசமாகிக்கொண்டே வந்தது, டிக்கெட்டில் பிடித்தம் ஏறிக்கொண்டே வந்தது. திறமையான ஆட்டம் என்று தீர்ப்பு வாங்கிய ஆட்டத்தில், அந்தத் திறமை முதலில் எட்டிப் பிடிக்க வேண்டியது இந்த 40ஐ.

ஊர் திரும்பியதும் சித்தியைப் பார்க்கப் போனேன். பெங்களூரு போனோம் என்றேன். "பரங்கிமலை நண்பர் இப்போ பெங்களூருக்குக் குடிபோயிட்டாரா?" என்றார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். சித்தப்பா போன பிறகு பீரோவின் மேல்தட்டில் கிடைத்ததாம். டப்பா நிறைய ரேஸ் டிக்கெட். ஜெயித்ததைக் கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள், மிஞ்சியதெல்லாம் தோற்றவை. ஒவ்வொன்றின் பின்னாலும் அதே பென்சில் எழுத்து: 'ஜாக்கி பிடித்துவிட்டான்.' 'மழை ஈரம்.' 'கேட்டில் மாட்டிக்கொண்டது.' '2 கிலோ அதிகம்.' 'லாடம் மாற்றவில்லை.'

பெங்களூரிலிருந்து திரும்பும் வழியெல்லாம், அந்தக் குதிரை ஏன் ஐந்தாவதாக வந்தது என்று தம்பி வீடியோவை நிறுத்தி நிறுத்தி எனக்கு விளக்கிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது.

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் எழுதியிருக்கார் பாரு" என்றார் சித்தி, டப்பாவை என் பக்கம் தள்ளி. "எதுலயாவது 'நான் போட்டது தப்பு'ன்னு எழுதியிருக்கா, தேடிச் சொல்லு."