காரின் திரைக்கு உரிமையாளர் யார்?

2022 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு விசித்திரமான சிக்கல் எழுந்தது. 2014 முதல் 2017 வரை தயாரிக்கப்பட்ட மாஸ்டா கார்கள் சிலவற்றின் வானொலி, 94.9 என்ற அலைவரிசையிலேயே சிக்கிக்கொண்டது. அது கேயூஓடபிள்யூ என்னும் பொது வானொலி நிலையத்தின் அலைவரிசை. வேறு நிலையத்துக்கு மாற்ற முடியவில்லை. திரை அணைந்து அணைந்து மீண்டும் எழுந்தது. பிறகு வழிகாட்டி வரைபடம், புளூடூத், பின்புறக் கேமரா என ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. காரணம் மிக எளியது. எண்ம ஒலிபரப்புடன் சேர்த்து அந்நிலையம் அனுப்பிய படக் கோப்புகளின் பெயர்களில், அவை எவ்வகைக் கோப்புகள் என்பதைக் காட்டும் பின்னொட்டு இல்லை. பெயரிலுள்ள அந்தச் சிறு குறையைத் தாங்கும் திறன் காரின் பழைய மென்பொருளுக்கு இல்லை.

பழுதான பெட்டியை மாற்றுவதற்கு ஏறத்தாழ 1,500 டாலர் ஆகும் என்று உரிமையாளர்களிடம் கூறப்பட்டது. உதிரிபாகமும் உடனே கிடைக்கவில்லை. செய்தி பரவிய பின்னர், நல்லெண்ண நடவடிக்கையாகக் கட்டணமின்றி மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதைப் பாராட்டலாம். ஆனால், எனக்கு ஆர்வமூட்டியது வேறொரு கேள்வி. விலை கொடுத்து வாங்கிய காரில், ஒரு கோப்பின் பிழையைத் தானே சரிசெய்யவோ, தனக்குத் தெரிந்த தெருமுனை மெக்கானிக்கைக் கொண்டு சரிசெய்யவோ உரிமையாளருக்கு வழியில்லாமல் போனது எப்படி?

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஜெர்மானியத் தரநிலையாகத் தொடங்கி, பின்னர் ஐஎஸ்ஓ 7736 என்று உலகம் ஏற்றுக்கொண்ட ஓர் அளவு இருந்தது. டேஷ்போர்டில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு செவ்வகத் துளை. எந்த நிறுவனத்தின் காரானாலும் அந்தத் துளையில் எந்த நிறுவனத்தின் வானொலியும் பொருந்தும். கார் ஒருவருடையது, பாட்டுப்பெட்டி இன்னொருவருடையது, அதைப் பொருத்தித் தருபவர் மூன்றாமவர். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளின் வணிகத்தில் ஒரு பெரும் பகுதி அந்தத் துளையை நம்பி வளர்ந்ததுதான். ஒரு சாதாரணத் தரநிலை எத்தனை பேருக்குப் பிழைப்பைத் தர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பாடப்புத்தகங்கள் ஏனோ இதைச் சொல்வதில்லை.

அந்தத் துளை மறைந்ததற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு, வணிகக் காரணமும் உண்டு. முதலாவது நியாயமானது. 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் என்னும் தகவல் இணைப்புமுறை, காரின் பல்வேறு மின்னணுப் பாகங்களை ஒரே கம்பி இணையில் பேச வைத்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க வேண்டிய தேவை குறைந்தது. காலப்போக்கில் குளிர்சாதனத்தின் அமைப்பும், பின்புறக் கேமராவும், ஸ்டீயரிங் சக்கரத்திலுள்ள பொத்தான்களும் திரையோடு பிணைந்தன. இன்று பல கார்களில் அந்தத் திரையைக் கழற்றினால் பாட்டு மட்டும் போகாது. கூடவே வேறு பலவும் போகும்.

வணிகக் காரணத்தைப் பொருளியல் நன்கு அறியும். ஒரு காரை ஒருவர் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்குகிறார். விற்பனையின்போது போட்டி கடுமையாக இருப்பதால் லாபம் குறைவு. ஆனால், வாங்கிய பிறகு அவர் நிறுவனத்தின் பிடியில் இருக்கிறார். உதிரிபாகம், பழுதுநீக்கம், வரைபடப் புதுப்பிப்பு என அடுத்த பத்து ஆண்டுகளுக்கு வருவாய் வந்துகொண்டே இருக்கும். இதைப் பின்சந்தை என்பர். காரைத் தேர்ந்தெடுக்கும்போதே இச்செலவுகளையெல்லாம் வாங்குபவர் கணக்கிட்டுவிடுவார், ஆகவே பிரச்சினை இல்லை என்று ஒரு சாரார் வாதிட்டனர். 1992-இல் ஈஸ்ட்மன் கோடாக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை அப்படியே ஏற்க மறுத்தது. எதிர்காலச் செலவை அறிவது எளிதல்ல; வாங்கிய பின் வேறொன்றுக்கு மாறுவதும் எளிதல்ல என்பதை அது சுட்டிக்காட்டியது. வகுப்பில் அந்தத் தீர்ப்பை விளக்கும்போது நகலெடுக்கும் இயந்திரத்தை உதாரணமாகக் கொள்வேன். வழக்கும் அதைப் பற்றியதுதான். இன்று நடத்துவதானால் காரின் திரையைத்தான் எடுத்துக்கொள்வேன்.

மென்பொருள் இந்தப் பிடியை மேலும் இறுக்கியிருக்கிறது. 2030-க்குள் மென்பொருள் சேவைகளின் வழியாக ஆண்டுக்கு 2,000 கோடி முதல் 2,500 கோடி டாலர் வரை ஈட்ட முடியும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 2021-இல் கூறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, தன் புதிய மின்சாரக் கார்களில் ஆப்பிள் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ ஆகிய இரண்டுக்கும் இனி இடமில்லை என்று அதே நிறுவனம் அறிவித்தது. கைப்பேசியின் வரைபடத்தைத் திரையில் காட்டும் வசதிகள் அவை. வரைபடம் இலவசமாகக் கைப்பேசியிலிருந்து வந்தால் சந்தாவை யார் கட்டுவார்கள்? பிஎம்டபிள்யூ ஒரு படி மேலே போய், சில நாடுகளில் காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்ட இருக்கைச் சூடேற்றிக்கு மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு கிளம்பவே 2023-இல் அதைக் கைவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் சொந்தக் காரின் மென்பொருளைத் தாமே திருத்திக்கொள்ளும் ஆர்வலர்களைப் பார்க்க வேண்டும். மீண்டும் மாஸ்டாவையே எடுத்துக்கொள்வோம். அந்தக் காரின் திரைக்குப் பின்னால் இருப்பது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு சிறு கணினி. அதன் யுஎஸ்பி துளையில் தகுந்த கோப்புகளைச் செருகினால் உள்ளே நுழைந்துவிடலாம் என்பதை ஆர்வலர்கள் கண்டறிந்தனர். முதலில் சிறு மாற்றங்கள்: கார் கிளம்பும்போதெல்லாம் தோன்றும் எச்சரிக்கை வாசகத்தை நீக்குவது, திரையில் வேகமானியைக் காட்டுவது, பின்னணிப் படத்தை மாற்றுவது. பின்னர் 2016 வாக்கில் ஆண்ட்ராய்டு ஆட்டோவையே அந்தத் திரையில் ஓட வைத்தனர். ஊதியமும் இல்லை, விளம்பரமும் இல்லை. நிறுவனம் அதே வசதியைப் பழைய கார்களுக்கு அதிகாரபூர்வமாக, கட்டணத்துடன் வழங்கத் தொடங்கியது 2018-இல்தான்.

எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் இத்தகையோரை முன்னோடிப் பயனாளர்கள் என்பார். சந்தை நாளை கேட்கப்போவதை இன்றே உணர்ந்து, நிறுவனத்துக்காகக் காத்திராமல் தாமே செய்துகொள்பவர்கள் அவர்கள். அவர்களைக் கள்வர்களாகப் பார்ப்பது, நிறுவனத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆராய்ச்சித் துறையை விரட்டுவதற்கு ஒப்பாகும்.

எனினும் ஆர்வலர்களின் பக்கம் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. மாஸ்டாவின் திரை, கார் நகரத் தொடங்கியதும் தொடுதலுக்கு இணங்காது. நடுவிலுள்ள திருகியைக் கொண்டே இயக்க வேண்டும். பலர் முதலில் உடைத்தது இந்தப் பூட்டைத்தான். ஓட்டுநர் திரையை நோக்கிக் கை நீட்டும்போது அறியாமலே ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பிவிடுகிறார் என்று விளக்கி, 2019-இல் வந்த புதிய மாஸ்டா 3 காரில் தொடுதிரையையே அந்நிறுவனம் கைவிட்டது. இந்த விஷயத்தில் என் வாக்கு நிறுவனத்துக்கே. காரில் இருப்பவரின் வசதிக்காகச் சாலையில் நடப்பவரின் உயிரைப் பணயம் வைக்க எந்தச் சொத்துரிமையும் இடம் தராது. புறவிளைவு என்று நாங்கள் வகுப்பில் சொல்வது இதைத்தான். மேலும், தவறான ஒரு கோப்பைச் செருகி, பெட்டி ஓயாமல் அணைந்தெழும் நிலைக்குத் தள்ளியவர்களும் உண்டு. அவர்கள் அதன் செலவைத் தாமே ஏற்பதுதான் முறை.

பாதுகாப்பு என்ற சொல்லை நிறுவனங்கள் பயன்படுத்தும் விதம்தான் எனக்கு உடன்பாடானதாக இல்லை. பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் ஆகிய இரு ஆய்வாளர்கள், சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றைத் தொலைவிலிருந்தபடியே கட்டுப்படுத்திக் காட்டினர். அவர்கள் நுழைந்த வாசல், நிறுவனமே பொருத்தி, நிறுவனமே கைப்பேசி வலையமைப்புடன் இணைத்திருந்த பொழுதுபோக்குத் திரை. 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை என்னவெனில், திருத்தப்பட்ட மென்பொருளை யுஎஸ்பி குச்சியில் ஏற்றி உரிமையாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பி, நீங்களே செருகிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டது அதே நிறுவனம்தான்.

2022-இல் ஹூண்டாய் அயோனிக் கார் வைத்திருந்த அமெரிக்க மென்பொருளாளர் ஒருவர், தன் காரின் திரையில் தான் எழுதிய செயலியை ஓட்ட விரும்பினார். புதுப்பிப்புக் கோப்பைப் பூட்டியிருந்த மறைகுறியீட்டுச் சாவியை இணையத்தில் தேடியபோது, அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் ஆவணத்தில் எடுத்துக்காட்டாக அச்சிடப்பட்ட சாவியே அது என்று தெரியவந்தது. கையொப்பச் சாவியோ, ஒரு கற்பித்தல் கட்டுரையிலிருந்து எடுத்தாளப்பட்டிருந்தது. பாடநூலின் மாதிரி விடையை அப்படியே தேர்வுத்தாளில் எழுதும் மாணவர்களை நான் கண்டதுண்டு. பெரும் தொழில் நிறுவனத்தின் மென்பொருளில் அதை எதிர்பார்க்கவில்லை. மாஸ்டாவின் பெட்டியிலும் சரிசெய்யப்படாத பல ஓட்டைகள் இருப்பதை ஜீரோ டே இனிஷியேட்டிவ் என்ற ஆய்வுக் குழு 2024 நவம்பரில் வெளியிட்டது. பூட்டு, உரிமையாளரைத் தடுத்த அளவுக்குத் திருடனைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டின் எண்மப் பதிப்புரிமைச் சட்டம், மென்பொருள் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. 2015-இல் கார் உரிமையாளர்களுக்கு விலக்கு அளித்தபோதும், பொழுதுபோக்குத் திரையும் தொலைத்தொடர்புக் கருவியும் அதில் சேர்க்கப்படவில்லை. 2018-இல்தான் பழுதுநீக்கத்துக்கும் சட்டத்துக்கு உட்பட்ட மாற்றத்துக்கும் அவை திறந்துவிடப்பட்டன. கட்டணப் பாடல்களையும் படங்களையும் திருட்டுத்தனமாகப் பெறுவதற்கு அல்ல என்ற நிபந்தனை மட்டும் நீடிக்கிறது.

நம் சட்டம் இதைவிடத் தாராளமானது என்பது பலருக்குத் தெரியாது. 2012-இல் திருத்தப்பட்ட நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 65அ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவரையே தண்டிக்கிறது. தன் காரில் தன் வரைபடத்தை ஓட்ட விரும்புபவருக்கு அந்த நோக்கம் இல்லை. தனித்து உருவாக்கப்பட்ட ஒரு மென்பொருள் பிறவற்றுடன் இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறும் செயலுக்கும் 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் தடுப்பது, பதிவுச் சான்றிதழின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை. பாட்டுப்பெட்டியின் விவரம் அந்தச் சான்றிதழில் இடம்பெறுவதில்லை.

ஆகவே நம் நாட்டில் தடையாக நிற்பது சட்டத்தைவிட உத்தரவாதம் குறித்த அச்சமே. என் காரின் திரை ஒருமுறை உறைந்துபோனபோது, வெளியாள் தொட்டால் வாகனம் முழுவதற்குமான உத்தரவாதமும் ரத்தாகிவிடும் என்று சேவை மையத்தில் சொன்னார்கள். எழுத்தில் கேட்டேன், தரவில்லை. அப்படிப் பொதுவாக மிரட்டுவது கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே கூறியிருக்கிறது. 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த அந்த ஆணை மேல்முறையீடுகளுக்கு உள்ளாயிற்று. அபராதச் செய்தியில் ஒரு முக்கியப் பகுதி கவனம் பெறாமல் போனது. வெளியாளின் தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் நேர்ந்ததோ, அந்த அளவுக்கு மட்டுமே உத்தரவாதத்தை மறுக்கலாம் என்பதே அது. திரையின் மென்பொருளை மாற்றியவரிடம் திரைக்கான உத்தரவாதத்தை மறுக்கலாம். கியர்பெட்டிக்கான உத்தரவாதத்தை மறுக்க முடியாது.

இந்த அளவுகோலையே மென்பொருள் திருத்தத்துக்கும் பொதுவிதியாக்கலாம் என்பது என் கருத்து. பிரேக், ஸ்டீயரிங், காற்றுப்பை ஆகியவற்றின் மென்பொருள் பூட்டியே இருக்கட்டும். ஓடும் காரில் திரையை முடக்கும் பூட்டும் இருக்கட்டும். வரைபடம், பாடல், படம், மொழி ஆகியவை உரிமையாளரின் விருப்பத்துக்குத் திறந்திருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே வன்பொருளிலேயே ஒரு சுவர் எழுப்புவது பொறியியலில் புதிதல்ல. பல நிறுவனங்கள் ஏற்கெனவே செய்துவருகின்றன. நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய மாடல்களுக்கு, புதுப்பிப்புக் கோப்புகளையும் சாவிகளையும் பொதுவில் வெளியிடச் சொல்வதும் பெரிய கோரிக்கை அல்ல. கார் பதினைந்து ஆண்டுகள் ஓடுகிறது. மென்பொருள் ஆதரவோ அதற்கு வெகுமுன்பே நின்றுவிடுகிறது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்க உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளும் அதில் அடங்கும். கையேடுகளும் சேவை மைய முகவரிகளும் அங்கே கிடைக்கின்றன. காரின் திரைக்கான மென்பொருளை எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவோம் என்ற ஒரு வரியை, ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே எழுதும்படி நிறுவனங்களைக் கேட்க அந்தத் துறைக்குப் புதிய சட்டம் தேவைப்படாது. மைலேஜைக் கேட்டு வாங்குபவர் அந்த எண்ணையும் கேட்டு வாங்கத் தொடங்குவார்.